சேலம்–நாமக்கல் ஜவ்வரிசித் தொழிலில் முடிவெடுத்தல்

மல்லசமுத்திரம், ராசிபுரம், சேந்தமங்கலம், ஆத்தூர் வட்டாரங்களில் குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளியை நடும் உழவரும், அதை அரைத்து ஜவ்வரிசியாக்கும் சேகோ ஆலைக்காரரும் எண்பது ஆண்டுகளாக எடுத்துவரும் முடிவுகளின் வரலாறு இது. பொருளியல் நூல்கள் பேசும் பகுத்தறிவையும் சாய்வையும் இந்தத் தொழிலில் அருகருகே காணலாம்.

இரண்டாம் உலகப் போரில் மலாயா, ஜாவா பக்கமிருந்து ஜவ்வரிசி வருவது நின்றது. 1943-இல் சேலம் வணிகர் மாணிக்கம் செட்டியார், பினாங்கில் இத்தொழிலை அறிந்திருந்த போபட்லால் ஷாவின் துணையுடன் உள்ளூர்க் கிழங்கிலிருந்து அதைத் தயாரிக்கத் தொடங்கினார். மறு ஆண்டே உணவுப் பஞ்சம். உண்ணும் கிழங்கை ஆலைக்கு அனுப்பக் கூடாதென்று சேலம் ஆட்சியர் தடை விதித்தார். உற்பத்தியாளர்கள் சங்கமாகத் திரண்டு தடையை விலக்க வைத்தனர். பசித்தவர் பக்கம் நின்ற ஆட்சியரையும், முதலைப் போட்டுவிட்டு நின்ற ஆலைக்காரரையும் ஒருசேரக் குறை சொல்ல முடியாது.

தொழில் வேரூன்றியதும் வேறொரு சிக்கல் நிலைத்தது. மரவள்ளி ஏறக்குறைய பத்து மாதப் பயிர். விலை ஏறிய ஆண்டில் எல்லோரும் நடுகிறார்கள். தோண்டும்போது கிழங்கு குவிந்து விலை சரிகிறது. அடுத்த ஆண்டு பரப்பு சுருங்கி விலை மீண்டும் ஏறுகிறது. 1930-களில் பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டோர் இத்தகைய சுழற்சிக்குச் ‘சிலந்திவலை’ என்று பெயரிட்டார். மக்கள் கிடைக்கும் தகவலை முழுமையாகப் பயன்படுத்தியே வருங்கால விலையைக் கணிப்பார்கள் என்று 1961-இல் ஜான் மூத் வாதிட்டார். மல்லசமுத்திரத்துக் காட்டுக்கு அவரைவிட ஹெர்பர்ட் சைமனே பொருந்துகிறார். தகவலும் நேரமும் குறைவாக உள்ளவர் ‘போதும்’ என்று தோன்றும் முடிவோடு நின்றுகொள்வார் என்றவர் அவர். பக்கத்து ஊரில் எத்தனை ஏக்கர் நட்டார்கள் என்பது உழவருக்குத் தெரியாது. இன்றைய விலை மட்டுமே தெரியும். அதை நம்பி நடுவதை அறியாமை என்பது அநியாயம்.

தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெடத் தொடங்கும். லாரி ஆலை வாசலில் நிற்கும்போது பேரம் பேசும் வலு உழவரிடம் இல்லை. மாவுச்சத்தைப் ‘பாயிண்ட்’ கணக்கில் அளந்து விலை போடுவதால், அந்த அளவு சரியா என்ற சந்தேகமும் தீர்வதில்லை. ஆலைக்காரருக்கும் நெருக்கடி உண்டு: வட மாநிலங்களின் நவராத்திரி விரதத் தேவையை எதிர்பார்த்து மூட்டைகளை அடுக்குகிறார். விலை இறங்கினால் அடக்க விலைக்குக் கீழே விற்க மனம் வராது. இழப்பின் வலி அதே அளவு ஆதாயத்தின் மகிழ்ச்சியைவிடப் பெரிது என்று 1979-இல் உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் விளக்கியது இந்தத் தயக்கத்தைத்தான்.

இந்த வரலாற்றின் ஆகச் சிறந்த முடிவு, 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அமைக்கப்பட்டது. ஆலைக்காரர் தம் சரக்கை அதன் கிடங்கில் வைத்து முன்பணம் பெறலாம். வியாபாரிகள் ரகசிய டெண்டரில் விலை கோருவார்கள். ஆலைக்காரர் ஒருவருக்கும் புதிதாக அறிவுரை சொல்லப்படவில்லை. பணமுடையால் அன்றே விற்றாக வேண்டிய கட்டாயம் தளர்ந்தது, முடிவுகளும் மாறின. வாசலில் நிற்கும் உழவருக்கு இதற்கு இணையான ஏற்பாடு இன்றுவரை அமையாதது பெருங்குறை.

வெண்மையே தரம் என்ற வாங்குபவரின் நம்பிக்கை வேறொரு சேதம் செய்தது. ரசாயனம் சேர்த்து வெளுத்த ஜவ்வரிசி நல்ல விலைக்குப் போனபோது, சேர்க்காத ஆலை தோற்றது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் கணக்குச் சரியான முடிவு; ஊர் முழுவதன் பெயரும் கெட்டது. அப்படியிருந்தும், அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஒருவரின் முடிவு ஊரையே பாதிப்பது வயலிலும் உண்டு. 2020-இல் கேரளத்தில் முதலில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி பின்னர் இந்த வட்டாரத்திலும் பரவியது. அதை அழிக்க, பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட ஒட்டுண்ணிக் குளவி 2022-இல் சேலம் பகுதியில் விடப்பட்டது. குளவி விட்ட இடங்களில் பூச்சிமருந்து அடிக்க வேண்டாமென்று உழவர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர்: ஒருவர் தம் காட்டைக் காக்க அடிக்கும் மருந்து, பக்கத்துக் காட்டுக்கும் சேர்த்து வேலை செய்யும் குளவியைக் கொன்றுவிடும்.