காலணா வரியில் ஓடிய ரயில்

சாயங்காலம் நடைப்பயிற்சி முடிந்தால் கீரனூர் ரயில் நிலைய பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்காருவது என் வழக்கம். ஓய்வு பெற்றவர்கள் நாலைந்து பேர் கூடுவோம். போன வாரம் வீட்டு வரி ரசீதை வைத்துக்கொண்டு ஒரு நண்பர் கேட்டார்: "வரி கட்டி என்ன சார் கண்டோம்? ஊருக்குள்ள பஸ் ஒழுங்கா வருதா, கட்டின கட்டடமாவது நிக்குதா?" எனக்கு உடனே பதில் சொல்லத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்தபின் ஒரு பழைய கதை நினைவுக்கு வந்தது.

நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழியில். சேன் நதி எங்கே கடலில் சேர்கிறது என்று கேட்டால் உடனே சொல்வேன். காவிரியைப் பற்றி ஒரு பாடமும் படித்ததில்லை. கோடை விடுமுறைக்கு அறந்தாங்கியில் பெரியப்பா வீட்டுக்குப் போவோம். காரைக்காலிலிருந்து பேரளம் வரை சின்ன ரயில். அது 1898-இல் பிரெஞ்சு அரசாங்கம் தன் பகுதிக்காகப் போட வைத்த பாதை. பேரளத்தில் இறங்கி வண்டி மாறினால் திருவாரூர், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை என்று ஆடி அசைந்து அறந்தாங்கி வந்து சேரும். அந்தப் பாதையைப் பெரியப்பா "போர்டு லைன்" என்றே சொல்வார். ஏன் என்று நான் கேட்டதில்லை. பிற்காலத்தில் அலுவலகப் பதிவறையில் பழைய ஜில்லா கெசட்டியரைப் புரட்டியபோதுதான் விளங்கியது.

ரிப்பன் பிரபு காலத்துச் சீர்திருத்தத்தை ஒட்டி 1884-இல் சென்னை மாகாணத்தில் ஸ்தல ஸ்தாபனச் சட்டம் வந்தது. அதன்படி ஜில்லா போர்டுகள் ஏற்பட்டன. (எங்கள் காரைக்காலுக்கு அதற்கு நாலு வருஷம் முன்பே, 1880-இல், பிரெஞ்சுக்காரர்கள் நகரசபை கொடுத்துவிட்டார்கள்.) போர்டுக்குத் தலைவர் கலெக்டர்தான் என்றாலும், உள்ளூர்ப் பணத்தை உள்ளூருக்குச் செலவழிக்க ஓர் இடம் கிடைத்தது.

தஞ்சாவூர் ஜில்லாவில் கும்பகோணம், மாயவரம் பக்கம் ரயில் இருந்தது. தெற்கே முத்துப்பேட்டைச் சீமைக்கு இல்லை. டெல்டாவில் நெல் விளையும், கல் விளையாது. ரோடு போட ஜல்லியைத் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டும். களிமண் ரோட்டில் மழைக்காலத்தில் பாரவண்டி அச்சு வரைக்கும் புதைந்துவிடும். அதனால் போர்டு ஒரு முடிவு செய்தது. நிலவரியில் ரூபாய்க்கு மூன்று பை, அதாவது காலணா, ரயிலுக்கென்று தனியாக வசூலிப்பது. பத்து ரூபாய் தீர்வை கட்டுகிறவர் கூடுதலாக இரண்டரை அணா கட்டினார். அந்தப் பணத்தில் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 54 மைல் பாதை 1894-இல் திறக்கப்பட்டது. 1902-இல் பட்டுக்கோட்டைக்கும், 1903-இல் அறந்தாங்கிக்கும் நீண்டது. பாதை போர்டின் சொத்து, வண்டி ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. பிறகு கோயமுத்தூர் போர்டு போத்தனூர்–பொள்ளாச்சி பாதையை 1915-இலும், திருநெல்வேலி போர்டு திருச்செந்தூர் பாதையை 1923-இலும் கொண்டுவந்தன.

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்த நம் கீரனூர்ப் பக்கம் ரயில் வந்தது 1929-இல்தான். நாம் உட்காரும் பெஞ்சுக்கு அவ்வளவுதான் வயது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தஞ்சை மராட்டிய மன்னர்கள் கட்டிய சத்திரங்களின் பராமரிப்பும் அந்தக் காலத்தில் இதே ஸ்தல ஸ்தாபனங்களிடம் வந்தது. ஒரத்தநாட்டில் சரபோஜி மன்னர் 1802-இல் கட்டிய முத்தாம்பாள் சத்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். வழிப்போக்கருக்குச் சோறும் பிள்ளைகளுக்குப் படிப்பும் கொடுத்த இடம். சத்திரங்களுக்கென்று மன்னர்கள் நிலமும் விட்டிருந்தார்கள். ஆனாலும் நான் போய்ப் பார்த்தபோது சுவரில் ஆலஞ்செடி வேர் விட்டிருந்தது. ரயிலுக்கு டிக்கெட் உண்டு, ஒரு நாள் நின்றால் ஊரே கேட்கும். சத்திரத்தில் ஓடு சரிந்தால் யார் கேட்பது?

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது. எண்பதுகளில் நான் வேறொரு ஊரில் எழுத்தராக இருந்தேன். ஒரு கிராமத்துச் சாவடியின் மேல்தளம் ஒழுகுகிறது என்று ஊர்ப் பெரியவர்கள் மனுக் கொடுத்தார்கள். பழுதுபார்க்க மதிப்பீடு சில நூறு ரூபாய்தான். பராமரிப்புத் தலைப்பில் பணம் இல்லை. "நிதி ஒதுக்கீடு வரப்பெற்றபின் பரிசீலிக்கலாம்" என்று குறிப்பு எழுதி மேலே வைத்தேன். மறு வருஷமும் அதே குறிப்பு, அதற்கு மறு வருஷமும் அதே. ஓர் ஐப்பசி இரவில் தளம் இறங்கிவிட்டது. நல்லவேளையாக மனிதர் யாரும் இல்லை. மழைக்கு ஒதுங்கிய இரண்டு ஆடுகள் செத்தன. ஆட்டுக்காரம்மா அலுவலகம் வந்து, "ஒழுகுதுன்னு எழுதிக் குடுத்தோமே சார், நீங்க படிக்கலியா?" என்று கேட்டார். படித்திருந்தேன், அதுதான் கஷ்டம். அடுத்த ஆண்டே புதுக் கட்டடத்துக்குப் பல ஆயிரம் வந்தது.

1958-ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பின் ஜில்லா போர்டுகள் போய் ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. போர்டு லைன் இன்று அகலப் பாதை. பணிக்காகப் பல ஆண்டுகள் ரயிலை நிறுத்திவிட்டு, 2019-இல் திருவாரூரிலிருந்து காரைக்குடி வரை மறுபடி விட்டார்கள். ஆனால் வழியில் உள்ள கேட்டுகளுக்கு ஆள் போடவில்லை. ரயிலிலேயே வந்த ஊழியர் இறங்கிக் கேட்டைச் சாத்தி, வண்டி கடந்தபின் திறந்துவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார். 150 கிலோமீட்டருக்குள் அடங்கும் பயணத்துக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தண்டவாளத்துக்குப் பணம் இருந்தது, கேட் சாத்தச் சம்பளம் இல்லை. என் சாவடிக் கோப்புதான் நினைவுக்கு வந்தது.

நண்பருக்கு என் பதில் இதுதான். காலணா கட்டியவர்களுக்கு அது எதற்கென்று தெரியும், அதனால் கேட்க முடிந்தது. நாமும் புதுசாக என்ன கட்டப்போகிறீர்கள் என்று கேட்பதோடு, இருப்பதைப் பழுதுபார்க்க இந்த வருஷம் எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்றும் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியோடு யாராவது ஒருவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றிருந்தால், மூன்றாவது முறையும் அதே குறிப்பை எழுத என் கை கூசியிருக்கும்.