பேசாத அட்டைகளின் விலை

போன வருஷம் சென்னையில் ஒரு தபால்தலை, நாணயக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். வாங்குவதற்கு இல்லை. கையில் ஒரு பை. பைக்குள் கொங் குவான் பிஸ்கட் டின். டின்னுக்குள் சிங்கப்பூர் டெலிஃபோன் கார்டுகள் நூற்றுச் சொச்சம். எங்கள் சின்ன மாமா 1993இலிருந்து எட்டு வருஷம் அங்கே கட்டட வேலை பார்த்தவர். பேசித் தீர்த்த கார்டுகளை எறியாமல் ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. சின்ன வயசில் எனக்கு அவை சீட்டுக்கட்டு, அம்மாவுக்குத் தோசைக்கல் சுரண்டி.

ஸ்டால்காரர் டின்னைக் கவிழ்த்து நாலைந்தை விரலால் தள்ளிப் பார்த்தார். "எல்லாம் யூஸ் பண்ணது சார். மார்க்கெட் கெடையாது. மின்ட்டா இருந்தா கொண்டாங்க, பாக்கலாம்." பிறகு, என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, தன் ஆல்பம் ஒன்றை எடுத்து விரித்தார். முழுக்க ஜப்பான் அட்டைகள். ஃபுஜி மலை, ரயில், சினிமா நடிகைகள். ஒரே படம் இரண்டு பக்கங்களில் இருந்தது, இரண்டு விலைகளில். ஒன்றின் ஓரத்தில் குண்டூசித் தலையளவு துளை. மற்றதில் துளை இல்லை. இரண்டுக்கும் இடையில் பத்து மடங்கு வித்தியாசம்.

தமிழ் எம்.ஏ. படித்தவன் ஓட்டை விழுந்த பொருளைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாது. எங்கள் பாடத்தில் ஏட்டில் துளை என்றால் செல்லரித்த இடம். அங்கே ஒரு சொல் இருந்தது, போய்விட்டது. பதிப்பாசிரியர் அந்த இடத்தில் புள்ளி வைப்பார். ஜப்பான் அட்டையில் கதை தலைகீழ். துளை விழுந்த அட்டையில்தான் யாரோ யாரிடமோ பேசியிருக்கிறார். துளை விழாததில் ஒரு சொல்லும் நிகழவில்லை. பேசுவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பொருள், பேசாமல் இருந்ததற்காகவே விலை பெறுவதை எப்படிப் புரிந்துகொள்வது? அதற்கு இந்த அட்டையின் சரித்திரத்துக்குள் கொஞ்சம் போக வேண்டியிருக்கிறது.

அட்டை ஜப்பானில் பிறக்கவில்லை. 1976இல் இத்தாலியில் வந்தது. அந்த வருஷங்களில் இத்தாலியில் சில்லறைத் தட்டுப்பாடு. வங்கிகள் குட்டிக் குட்டிக் காசோலைகளை அச்சடித்துச் சில்லறைக்குப் பதிலாகக் கொடுத்துக்கொண்டிருந்தன. டெலிஃபோனில் போடும் 'ஜெத்தோனே' என்கிற வில்லை கடைத்தெருவில் காசாகவே புழங்கியது. நாணயம் தன் வேலையைச் செய்யாத இடத்தில் பேச்சின் அலகு நாணயமாகிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். டெலிஃபோன் பெட்டியை உடைத்துக் காசு திருடுவது வேறு. காசே இல்லாத பெட்டிதான் வழி என்றானது.

ஆனால் சேகரிப்பு ஒரு சமூக நிகழ்வாக, கிட்டத்தட்ட ஒரு நோயாக, முற்றியது ஜப்பானில்தான். 1982 டிசம்பர் 23 அன்று டோக்கியோவின் சுகியாபாஷியில் முதல் கார்டு ஃபோன் வைக்கப்பட்டது. முதல் அட்டைகளின் ஓவியம் தாரோ ஒகாமோதோ வரைந்தது. அதாவது பிறக்கும்போதே அது கலைப்பொருளாகத்தான் பிறந்தது. 1984ஆம் நிதியாண்டில் ஜப்பானின் பொதுத் தொலைபேசிகள் உச்சத்தைத் தொட்டன, ஏறத்தாழ 9 லட்சத்து 30 ஆயிரம். அடுத்த ஏப்ரலில், 1985இல், அரசுத் தொலைபேசிக் கழகம் என்.டி.டி. என்ற கம்பெனியாக மாற்றப்பட்டது. 1987இல் அதன் பங்குகள் சந்தைக்கு வந்து தலைதெறிக்க ஏறின. குமிழிப் பொருளாதாரத்தின் காலம். அட்டை அந்தக் காலத்தின் குழந்தை.

500 யென் கொடுத்தால் 50 அலகு. 1,000 யென்னுக்கு 105. காகிதம்போல் மெல்லிய பிளாஸ்டிக். பின்பக்கம் காந்தப் பூச்சு. ஓரத்தில் மீதி அலகைக் காட்டும் எண்கள். பேசி முடித்துக் கருவி அட்டையை வெளியே தள்ளும்போது எவ்வளவு மீதி இருக்கிறதோ அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு துளை போட்டு அனுப்பும். நாம் பார்ப்பதற்குத் துளை, கருவி படிப்பதற்குக் காந்தப் பதிவு. ஒரே பிரதி, இரண்டு வாசகர்கள். இந்த இரட்டைத்தன்மை பிறகு நீதிமன்றம்வரை போகிறது, வருகிறேன்.

கம்பெனியின் சாமர்த்தியம் எங்கே என்றால், யார் வேண்டுமானாலும் தன் படத்தை அட்டையில் அச்சிட்டுக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டதில். கல்யாணம், பள்ளிக்கூட ஆண்டு விழா, பணி ஓய்வு, புதுக் கடைத் திறப்பு எல்லாவற்றுக்கும் அட்டை. நம் ஊரில் தாம்பூலப் பைபோல் வைத்துக்கொள்ளுங்களேன். வாரப் பத்திரிகைகள் போட்டிப் பரிசாகப் பாடகிகளின் படம் போட்ட அட்டைகளைக் குறைந்த எண்ணிக்கையில் அச்சிட்டன. அவை முகமதிப்பைப் போலப் பல மடங்குக்குக் கைமாறின. ரயில் டிக்கெட், பரிசுக் கூப்பன்களை வாங்கி விற்கும் 'கின்கென்' கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளில் அட்டைகள் வரிசை கட்டின. கல்யாணத்தில் கொடுத்த அட்டையை எடுத்துக்கொண்டு போய் யாராவது பேசுவார்களா? அது உறையோடு அலமாரிக்குள் போகும்.

இங்கே கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். 500 யென் கம்பெனிக்கு வந்துவிட்டது. அதற்கு ஈடாகக் கம்பெனி தர வேண்டிய சேவை தரப்படவில்லை. ஒவ்வொரு சேகரிப்பாளரும் கம்பெனிக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தவர், அதுவும் திருப்பிக் கேட்கவே கூடாது என்று தனக்குத் தானே விதித்துக்கொண்டவர். திருப்பிக் கேட்டால், அதாவது ஒருமுறை பேசினால், துளை விழும். சேகரிப்பின் மதிப்பு போய்விடும். இப்படிச் செலவாகாமல் கிடக்கும் தொகைகள் பொதுவாகவே பெருகிப்போனதால்தான் ஜப்பான் அரசு 1989இல் முன்பணச் சீட்டுகளுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் பாக்கி நின்றால் அதில் பாதியைப் பிணையாகக் கட்டு என்றது.

வால்டர் பெஞ்சமினை இந்த இடத்தில் யாராவது கூப்பிடுவார்கள் என்று தெரியும். நானும் அவரிடம்தான் முதலில் போனேன். 1935இல் பாரிஸ் பற்றி எழுதியதில் அவர் சேகரிப்பாளரை ஏறக்குறைய ஒரு புரட்சிக்காரராகப் பார்க்கிறார்: பயன்பட்டே தீர வேண்டும் என்ற அடிமைத்தனத்திலிருந்து பொருள்களை மீட்பவர். பழைய புத்தகம், மூக்குப்பொடி டப்பா வகையறாவுக்கு இது சரி. டெலிஃபோன் அட்டைக்குச் சரிவருமா என்பதில் எனக்குச் சந்தேகம். பயன்மதிப்பை எடுக்காமல் விடுவது இங்கே சந்தையை மீறுவதாகாது. சந்தை கனவு காண்பதே அதைத்தான்: விலை உண்டு, சரக்கு தர வேண்டாம். பெஞ்சமினுக்கு நாற்பது வருஷத்துக்கு முன்பே தபால்தலையில் இந்த வித்தை அரங்கேறிவிட்டது. நியூயார்க்கின் நிக்கோலஸ் சீபெக் 1889 முதல் எல் சால்வடார், ஹோண்டுராஸ், நிகராகுவா, ஈக்குவடார் அரசுகளோடு ஒப்பந்தம் போட்டார். வருஷா வருஷம் புதுத் தபால்தலை இலவசம்; மிஞ்சியதையும் மறு அச்சையும் சேகரிப்பாளர்களுக்கு விற்கும் உரிமை தனக்கு. பொறுக்க முடியாமல் 1895இல் லண்டனில் சேகரிப்பாளர்களே இந்த மாதிரித் தபால்தலைகளை ஒழிக்க ஒரு சங்கம் வைத்தார்கள். நோயாளிகளே நோய்க்கு எதிராகச் சங்கம் வைத்த அபூர்வம்.

இனி, துளை விழுந்த அட்டைகளின் பக்கம். அங்கேதான் மனுஷர்கள் இருக்கிறார்கள்.

1988இல் ஈரான், ஈராக் யுத்தம் முடிந்தது. வேலையில்லாத ஈரானிய இளைஞர்கள் விசா தேவைப்படாத ஜப்பானுக்கு விமானம் ஏறினார்கள். கட்டட வேலை, தொழிற்கூட வேலை. விடுமுறை நாளில் டோக்கியோவின் உவேனோ, யோயோகி பூங்காக்களில் கூடுவார்கள். 1992 ஏப்ரலில் ஜப்பான் அந்த விசாச் சலுகையை நிறுத்தும்வரை இந்த வரவு தொடர்ந்தது. இந்தப் பூங்காக்களில்தான் 'மாற்றப்பட்ட' அட்டைகள் விற்பனைக்கு வந்தன. தீர்ந்துபோன அட்டையின் துளையை ஒட்டுப் போட்டு அடைத்து, காந்தப் பதிவை மாற்றி, மறுபடி அலகு ஏற்றியவை. செய்ததில் உள்ளூர்க் குற்றக் கும்பல்களுக்கும் பங்குண்டு. ஆனால் பத்திரிகைகளுக்குக் கிடைத்த முகம் ஈரானிய முகம். 'ஈரானியன்', 'கள்ளக் கார்டு' என்ற இரண்டு சொற்களும் ஒரே மூச்சில் உச்சரிக்கப்பட்டன. வாங்கியவர்களில் ஜப்பானியர்களும் இருந்தார்கள் என்பது அந்தச் சொல்லாடலுக்குள் வரவில்லை. கம்பெனி 3,000, 5,000 யென் அட்டைகளின் விற்பனையையே நிறுத்த வேண்டியதாயிற்று.

ஒரே நகரம், ஒரே வருஷங்கள். அலமாரியில் பேசப்படாத நிமிடங்கள் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. பூங்காவில் தாயின் குரலைக் கேட்க ஓட்டை அடைத்த அட்டைக்கு வரிசை. அலமாரிக்காரர் ரசிகர், பூங்காக்காரர் குற்றவாளி. இருவருமே அட்டை தன் ஆயுளை முடிக்க விடாதவர்கள்தான். ஒருவர் பேசாமலே வைத்து அப்படிச் செய்தார், இன்னொருவர் பேசிப் பேசித் தீராமல் செய்தார்.

நீதிமன்றத்துக்கு வருகிறேன் என்றேன். அலகை மாற்றுவது என்ன குற்றம் என்பதில் ஜப்பானின் கீழ் நீதிமன்றங்கள் ஒத்துப்போகவில்லை. கண்ணால் படிக்க முடியாத காந்தப் பதிவை மாற்றியவர் எந்த 'எழுத்தை'த் திருத்தினார்? கருவிக்குள் செருகுவது ஒரு மனிதரை ஏமாற்றுவதாகுமா? 1991 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது: காந்தப் பதிவையும் அட்டையின் மேல் அச்சையும் பிரிக்காமல் சேர்த்தே வாசிக்க வேண்டும், அப்படி வாசித்தால் தொலைபேசிச் சேவையைப் பெறும் உரிமை அதில் குறிக்கப்பட்டிருக்கிறது, எனவே அது மதிப்புப் பத்திரம், கருவியில் செருகுவதே அதைப் பயன்படுத்துவது. கருவியும் ஒரு வாசகர் என்று ஒரு உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டுவிட்டது என்றுதான் இதைப் படிக்கத் தோன்றுகிறது. பிரதி, வாசகர் என்று நாம் இங்கே பக்கம் பக்கமாக எழுதியதெல்லாம் அங்கே ஜெயில் தண்டனை சம்பந்தப்பட்ட விஷயமாக இருந்திருக்கிறது. 2001இல் தண்டனைச் சட்டத்திலேயே காந்த, மின் பதிவுகளுக்கென்று தனிப் பிரிவு சேர்த்தார்கள். அதற்குள் கைபேசி வந்து கார்டு ஃபோன்களைக் காலி செய்ய ஆரம்பித்திருந்தது. சாதாரண அட்டைகளை முகமதிப்புக்கும் குறைவாகத்தான் கின்கென் கடைகள் எடுத்துக்கொண்டன. பாடகிகள், கார்ட்டூன் பாத்திரங்கள் மட்டும் தப்பித்தார்கள். தீர்ந்த அட்டைகளைத் தொண்டு நிறுவனங்கள் வாங்கி, சேகரிப்பாளர்களுக்கு விற்றுக் காசாக்கின. துளை விழுந்ததற்கும் ஒரு சின்னச் சந்தை இருக்கத்தான் செய்தது.

கண்காட்சியிலிருந்து திரும்பி, அடுத்த முறை ஊருக்குப் போனபோது மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். ஈரானியர்கள் கதையை ரசித்துக் கேட்டார். சேகரிப்பாளர்கள் கதை அவருக்குப் பிடிபடவே இல்லை. "காசு குடுத்து வாங்கி, பேசாமயே வெச்சிருந்தானா?" என்று இரண்டு தடவை கேட்டார். அவர் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடுவார். நாங்கள் ஏழரைக்கே எஸ்.டி.டி. பூத் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவோம். என் முறை வருவதற்குள் பெரும்பாலும் லைன் அறுந்துவிடும்.

அப்போதுதான் கேட்டேன், நீங்க ஏன் மாமா தீந்த கார்டையெல்லாம் வெச்சிருந்தீங்க என்று.

"ரூம்ல எல்லாரும்தான் வெச்சிருந்தோம் மாப்ள. தூக்கிப்போட மனசு வரல. பத்து வெள்ளிங்கறது அரைநாள் சம்பளம்ல."