பிதிரார்ஜிதமும் சுயார்ஜிதமும்

என் மருமான் பள்ளிக்கூடக் கால்பந்துக் கோஷ்டியில் ஆடுகிறவன். சென்ற மாதம் ஒரு நாள் சாயங்காலம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். அவர்களுடைய பழைய பயிற்சி வாத்தியார் போய்ப் புதியவர் வந்திருக்கிறாராம். வந்த முதல் வாரத்திலேயே இவனை நடு மைதானத்திலிருந்து எடுத்து, இடது ஓரத்தில் கொண்டு போய் நிறுத்திவிட்டாராம்.

"ஆடுகிறவர்கள் நாங்கள், மாமா. அவர் கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிறார். அவர் வருவதற்கு முன்னாலும் நாங்கள் ஜயித்துக்கொண்டுதானே இருந்தோம்? அவர் எதற்கு? நான் பேசாமல் விலகிவிடப் போகிறேன்" என்றான்.

கதை எழுதுகிறவனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கேள்வி கேட்டால் விடை சொல்லமாட்டான். கதை சொல்ல ஆரம்பித்துவிடுவான். நானும் அப்படியே செய்தேன். ஆனால் இது கற்பனைக் கதை அல்ல. இங்கிலாந்தில் உண்மையாக நடந்த சரித்திரம்.

முதலில் ஒரு விளக்கம். இங்கிலாந்தில் கால்பந்துச் சங்கத்தின் மானேஜர் என்பவர் பாங்கி மானேஜரைப் போலக் கணக்குப் பார்க்கிறவர் அல்ல. யார் ஆடுவது, எந்த இடத்தில் ஆடுவது என்று தீர்மானிக்கிறவர் அவர். யாரை விலைக்கு வாங்குவது, யாரை விற்பது என்பதிலும் அந்த நாளில் அவருடைய வாக்குக்குத்தான் மதிப்பு. ஆனால் எந்த மானேஜரும் காலி மைதானத்துக்கு வந்து சேர்வதில்லை. முன்னால் இருந்தவர் விட்டுப் போன ஆட்டக்காரர்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். அது அவருக்குப் பிதிரார்ஜிதம். பிறகு அவராகத் தேடிப் பிடித்து வாங்குகிறவர்கள் சுயார்ஜிதம். புகழ் எந்தச் சொத்தினால் வந்தது என்பதுதான் வழக்கு.

இந்த வழக்குக்குப் பிரையன் கிளஃப் என்பவரைவிடச் சிறந்த சாட்சி கிடைக்கமாட்டார். 1935-ல் மிடில்ஸ்பரோ என்ற ஊரில் பிறந்தவர். வாலிபத்தில் பிரமாதமான கோல் அடிப்பவர். லீக் பந்தயங்களில் 274 ஆட்டங்களில் 251 கோல் அடித்தார் என்றால், வேறு என்ன சொல்ல வேண்டும்? 1962 டிசம்பர் 26-ந் தேதி எதிர்க் கோல்காப்பாளரோடு மோதி முழங்கால் போயிற்று. அத்தோடு அவருடைய ஆட்டமும் ஏறக்குறைய முடிந்தது. முப்பதாவது வயதில், 1965-ல், ஹார்ட்டில்பூல்ஸ் என்ற ஏழைச் சங்கத்துக்கு மானேஜரானார். பழைய சிநேகிதர் பீட்டர் டெய்லரைத் துணைக்கு வைத்துக்கொண்டார். ஆட்டக்காரர்களைப் பேசி வசப்படுத்துவதில் கிளஃப் சமர்த்தர். எந்தக் குப்பையில் எந்த மாணிக்கம் கிடக்கிறது என்று கண்டுபிடிப்பதில் டெய்லர் சமர்த்தர்.

இருவரும் 1967-ல் இரண்டாவது டிவிஷனில் இருந்த டார்பி கவுண்டிக்குப் போனார்கள். 1969-ல் அது முதல் டிவிஷனுக்கு ஏறியது. 1972-ல் இங்கிலாந்தின் சாம்பியனாகவே ஆகிவிட்டது. மறு வருஷம் அக்டோபரில் சங்கத்து நிர்வாகிகளோடு மனஸ்தாபம். இருவரும் ராஜிநாமாச் செய்தார்கள். ஆட்டக்காரர்கள் கொதித்துப்போய், வேலை நிறுத்தம் செய்வோம் என்று சொல்லும் அளவுக்குப் போய்விட்டார்கள்.

அதன் பிறகுதான் கதை சூடு பிடிக்கிறது. பிரைட்டனில் சில மாதம் இருந்துவிட்டு, 1974 ஜூலையில் கிளஃப் லீட்ஸ் யுனைடெட்டுக்கு மானேஜராகப் போனார். டெய்லர் கூட வரவில்லை. லீட்ஸ் அப்போதுதான் சாம்பியன் பட்டம் வாங்கியிருந்தது. டான் ரெவி என்பவர் 1961 முதல் பதின்மூன்று வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்த கோஷ்டி அது. அந்தப் பட்டம் வாங்கிய பருவத்தில் ஆரம்பத்திலிருந்து 29 லீக் ஆட்டங்கள் வரை தோல்வியே காணாத கோஷ்டி. ரெவி தேசியக் கோஷ்டிக்கு மானேஜராகப் போகவே, இத்தனை சொத்தும் கிளஃபின் கையில் வந்து விழுந்தது. இதைவிடப் பெரிய பிதிரார்ஜிதம் யாருக்குக் கிடைக்கும்?

ஆனால் ஒரு சங்கடம். லீட்ஸ்காரர்கள் முரட்டாட்டம் ஆடுகிறவர்கள், நடுவரை ஏய்க்கிறவர்கள் என்று பல வருஷமாகப் பத்திரிகையிலும் டெலிவிஷனிலும் வைதவரே இந்தக் கிளஃப்தான். வந்ததும் அவர்களைக் கூப்பிட்டு, "நீங்கள் வாங்கிய மெடல்களையெல்லாம் குப்பைத் தொட்டியில் போடுங்கள், ஒன்றும் நேர்மையாக வாங்கியதில்லை" என்கிற பாவனையில் பேசினாராம். அங்கே இருந்த ஆட்டக்காரர்களே பிற்காலத்தில் சொன்னது இது. புதிதாக வந்த மருமகள் முதல் நாளே சமையல் அறைக்குள் புகுந்து, "இந்தப் பித்தளைப் பாத்திரமெல்லாம் திருட்டுச் சொத்து, வெளியே எறியுங்கள்" என்றால் அந்த வீட்டில் அடுப்பு எரியுமா? போதாக்குறைக்குக் காப்டன் பில்லி பிரெம்னர், பருவத் தொடக்க ஆட்டத்தில் லிவர்பூல் கெவின் கீகனோடு அடிதடியில் இறங்க, இருவருக்கும் ஆடக் கூடாதென்று தடை விழுந்தது. ஆறு லீக் ஆட்டங்களில் லீட்ஸ் ஜயித்தது ஒன்றே ஒன்று. நாற்பத்து நான்காவது நாள், செப்டம்பர் 12-ந் தேதி, கிளஃபை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

1975 ஜனவரியில் அவருக்கு இன்னொரு வேலை கிடைத்தது. நாட்டிங்ஹாம் பாரஸ்ட் என்ற சங்கம். இரண்டாவது டிவிஷனில் பதின்மூன்றாவது இடம்.

இங்கே கொஞ்சம் நின்று, அந்தப் பருவம் முடிந்தபோது மூன்று சங்கங்களும் எப்படி இருந்தன என்று பார்க்க வேண்டும். டார்பியில் கிளஃபின் பழைய காப்டன் டேவ் மக்கே மானேஜராகியிருந்தார். டாட், ஜெம்மில், ஹெக்டர் என்று கிளஃப் காலத்து ஆட்டக்காரர்களை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, மேலே சிலரைச் சேர்த்து, மறுபடியும் சாம்பியன் பட்டம் வாங்கினார். லீட்ஸில் ஜிம்மி ஆர்ம்ஃபீல்டு என்ற சாந்தமான மனிதர் மானேஜராக வந்தார். கிளஃபிடம் ஆட மறுத்தாற்போல் இருந்த அதே கோஷ்டி பார்சலோனாவைத் தோற்கடித்து, ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கே பாரிஸ் போயிற்று. அங்கே பேயர்ன் மியூனிக்கிடம் 2-0 என்று தோற்றது வேறு விஷயம். கிளஃபோ? பதின்மூன்றாவது இடத்தில் கையேற்ற பாரஸ்ட், பதினாறாவது இடத்தில் வந்து நின்றது!

"பார்த்தீர்களா, மாமா! நான் சொன்னது சரிதானே?" என்று மருமான் குதித்தான்.

சரிதான். 1975 கோடையில் புத்தகத்தை மூடிவிட்டால், மானேஜர் என்பவர் ஒரு வீண் செலவு என்றுதான் தீர்ப்பெழுத வேண்டும். ஆனால் சரித்திரத்துக்கு அடுத்த அத்தியாயம் என்று ஒன்று இருந்து தொலைக்கிறதே!

1976-ல் டெய்லர் வந்து சேர்ந்தார். 1977-ல் பாரஸ்ட், மூன்றாவது இடத்தை எட்டிப் பிடித்து முதல் டிவிஷனுக்கு ஏறியது. 1978-ல் சாம்பியன். 1977 நவம்பரிலிருந்து 1978 டிசம்பர் வரை 42 லீக் ஆட்டங்களில் அவர்களை யாராலும் தோற்கடிக்க முடியவில்லை. 1979-லும் 1980-லும் அடுத்தடுத்து ஐரோப்பியக் கோப்பை.

இது சுயார்ஜிதமா, பிதிரார்ஜிதமா? கோல்காப்பாளர் பீட்டர் ஷில்டன் வாங்கப்பட்டவர். கெனி பர்ன்ஸ் வாங்கப்பட்டவர். முன்வரிசையில் ஆடியவரைப் பின்வரிசைக்குத் தள்ளினார்கள், அவர் 1978-ல் அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர் என்று பரிசு வாங்கினார். ஆனால் 1979-ல் மியூனிக் நகரத்து இறுதி ஆட்டத்தில் இறங்கிய பதினொரு பேரில் நான்கு பேர் கிளஃப் வருவதற்கு முன்பே பாரஸ்டில் இருந்தவர்கள். விவ் ஆண்டர்சன், டோனி உட்காக், இயன் பவ்யர், ஜான் ராபர்ட்சன்.

அந்த ராபர்ட்சனைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். கிளஃப் வந்தபோது, விற்றுவிடலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தவர்களில் அவர் ஒருவர். உடம்பு கொஞ்சம் பருமன், வேகம் கிடையாது, சிகரெட் பழக்கம் வேறு. நடு மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்த அவரை இடது ஓரத்துக்கு அனுப்பினார் கிளஃப். மியூனிக்கில் ராபர்ட்சன் இடது ஓரத்திலிருந்து தூக்கிப் போட்ட பந்தை, பத்து லட்சம் பவுன் கொடுத்து வாங்கிய டிரெவர் பிரான்ஸிஸ் தலையால் முட்டிக் கோலாக்கினார். அந்த ஒரு கோலில்தான் மால்மோவை ஜயித்தார்கள். பிதிரார்ஜிதமும் சுயார்ஜிதமும் சேர்ந்து அடித்த கோல் அது. மறு வருஷம் மாட்ரிடில் ஹாம்பர்க்குக்கு எதிராக விழுந்த ஒரே கோலை ராபர்ட்சனே அடித்தார்.

ராபர்ட்சனின் காலில் இருந்த வித்தை கிளஃப் போட்டதல்ல. அது கிளஃப் வருமுன்பே அங்கே இருந்தது. ஆனால் அது அங்கே இருக்கிறது என்று கண்டவர் கிளஃப். லீட்ஸ்காரர்களுக்கோ தங்கள் மதிப்பு நன்றாகத் தெரியும். அவர்களிடம் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. மரியாதை ஒன்றுதான் பாக்கி. அதைத்தான் அவர் கொடுக்கவில்லை. ஆகவே, பூர்த்தியான வீட்டுக்கு வருகிற மானேஜரால் பெரிய லாபம் இல்லை. நஷ்டம் மட்டும் சீக்கிரமாக உண்டாக்கலாம். பாழடைந்த வீட்டுக்கு வருகிறவரோ, மண்ணுக்குள் கிடப்பதைத் தோண்டி எடுத்தால் உலகமே திரும்பிப் பார்க்கிறது.

கிளஃபை முழுத் தெய்வமாக்கிவிடவும் கூடாது. டெய்லர் 1982-ல் விலகிய பிறகு கிளஃப் லீக் சாம்பியன் பட்டம் மறுபடி வாங்கவே இல்லை. 1992-ல் டெஸ் வாக்கர், டெடி ஷெரிங்ஹாம் போன்றவர்கள் வேறிடம் போனார்கள். 1993-ல் பாரஸ்ட் கடைசி இடத்துக்கு வந்து கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. பதினெட்டு வருஷம் இருந்த கிளஃப் கண்ணீரும் கம்பலையுமான ஜனங்களுக்கு நடுவே விடை பெற்றார். மானேஜர் அதே மானேஜர்தான். ஆட்டக்காரர்கள்தான் பழையவர்கள் இல்லை. 2004-ல் அவர் காலமானார்.

"கடைசியில் என்ன சொல்கிறீர்கள், மாமா? ரூபாய்க்கு எத்தனை பைசா மானேஜருக்கு?" என்றான் மருமான்.

"இருபத்தைந்து பைசா என்று வைத்துக்கொள். எழுபத்தைந்து பைசா உங்களுடையது. இது சாஸ்திரம் அல்ல, என் கணக்கு. ஆனால் அந்த எழுபத்தைந்து பைசா பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது, அப்பா. சாவி அவரிடம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒரு மாதம் இடது ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு அப்புறம் விலகேன்."

அவன் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனான். மறுநாள் காலை கொல்லைப்புறத்துக்குப் போனேன். மருமான் கிணற்றடியில் உட்கார்ந்து பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். இடது காலுக்கு உரியதை இரண்டு தரம் துடைத்ததாக எனக்குத் தோன்றிற்று.