படிவத்தில் ஒரு சின்னக் கட்டம்

வங்கி வேலையில் படிவங்களோடுதான் என் பொழுது போகிறது. கடன் கேட்டு வருபவர் ஏதோ ஒரு கேள்வியைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டு, "நாளைக்கு வர்றேன் சார்" என்று எழுந்து போவார். திரும்பி வரமாட்டார். நாங்கள் அவரை நிராகரிக்கவில்லையே, அதனால் எந்தக் கணக்கிலும் அவர் வருவதில்லை.

அமெரிக்காவில் இப்படிப் போனவர்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தார்கள்.

நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் 64 வளாகங்கள் கொண்ட அரசு நிறுவனம். 1998 முதல் அதன் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: பெருங்குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவரா? பக்கத்தில் டிக் அடிக்க ஒரு கட்டம். 'ஆம்' என்றால் வழக்கு விவரம், அதிகாரிகளின் கடிதம் என்று கேட்டுக்கொண்டே போவார்கள்.

சிறை சென்று மீண்டவர்களுக்காக உழைக்கும் 'சென்டர் ஃபார் கம்யூனிட்டி ஆல்டர்னேட்டிவ்ஸ்' என்ற அமைப்பு 2015-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 'ஆம்' என்று அடித்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இருவர் விண்ணப்பத்தை முடிக்கவே இல்லை. மொத்த விண்ணப்பதாரர்களில் பாதியில் விட்டவர்கள் ஐந்தில் ஒருவர்தான். கமிட்டி ஒருவரை நிராகரித்தது என்றால், தாங்களாகவே விலகிப் போனவர்கள் 15 பேர்!

"நாங்கள் அதிகம் பேரை நிராகரிப்பதில்லையே" என்ற சமாதானம் இதற்குப் பிறகு எடுபடவில்லை. 2016 செப்டம்பரில் அந்தக் கேள்வியைச் சேர்க்கை விண்ணப்பத்திலிருந்து எடுக்கப் பல்கலைக்கழகம் முடிவு செய்தது. விடுதி போன்றவற்றுக்கு மட்டும், இடம் கிடைத்த பிறகு கேட்பார்கள். 2017-ல் லூசியானா மாநிலம் அரசுக் கல்லூரிகளுக்கு இதைச் சட்டமாகவே கொண்டுவந்தது. நம் பிள்ளைகளும் நிரப்புகிற 'காமன் அப்ளிகேஷன்' பொதுப் படிவத்தில் 2006-ல் நுழைந்த இதே கேள்வி 2019-ல் போனது. தனிப்பட்ட கல்லூரிகள் விரும்பினால் கேட்டுக்கொள்ளலாம்.

"வளாகத்தில் மற்ற பிள்ளைகளின் பாதுகாப்பு?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஒரு அப்பாதான், எனக்கும் அந்தக் கவலை உண்டு. பழைய கணக்கைப் பார்ப்பது தப்பில்லை, வங்கியிலும் பார்க்கிறோம். ஆனால் வாசற்படியிலேயே கேட்டால், திருந்திப் படிக்க வந்தவன்தான் முதலில் திரும்பிப் போகிறான்.

கடனைக் கட்டி முடித்தவருக்கு 'பாக்கி இல்லை' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம். தண்டனையை முழுசாக அனுபவித்து முடித்தவருக்கு அந்தக் காகிதத்தை யார் கொடுப்பது?