பொறி தந்த பெட்டி: ஜூகு வானூர்திகளும் மேக்னெட்டோவும்

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அஞ்சலுடன் புறப்பட்டு, அகமதாபாத்தில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு, பம்பாயின் ஜூகுவில் இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அவ்வஞ்சலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுசென்றார். இந்நிகழ்வை நாம் துணிவின் வரலாறாகவே எழுதிவந்துள்ளோம். அத்துணிவைத் தாங்கி நின்ற ஒரு சிறு மின்கருவியைப் பற்றியது இப்பதிவு.

டாட்டா ஓட்டிய புஸ் மாத் வானூர்தியில் இருந்தது 120 குதிரைத்திறன் கொண்ட, நான்கு உருளைகளையுடைய ஜிப்சி எஞ்சின். எரிபொருளைப் பற்றவைக்கும் பொறியை அதற்குப் பாட்டரி தரவில்லை. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் மேக்னெட்டோ தானே மின்னாக்கித் தந்தது. எஞ்சின் நிமிடத்திற்கு 2000 சுற்றுச் சுழலுங்கால் ஒவ்வொரு மேக்னெட்டோவும் 4000 பொறிகளைத் தரவேண்டும். ஒன்று பழுதுற்றால் மற்றொன்று காக்கும் என்பதற்காகவே ஓர் எஞ்சினுக்கு இரண்டு மேக்னெட்டோக்கள், ஓர் உருளைக்கு இரண்டு பிளக்குகள்.

இதன் சுவிட்ச் அமைப்பு விந்தையானது. வீட்டு விளக்கில் கம்பி அறுந்தால் விளக்கு அணையும். மேக்னெட்டோவிலோ சுவிட்ச் என்பது மின்னோட்டத்தை எஞ்சின் உடலில் இறக்கி அடக்கும் கருவி. ஆகவே சுவிட்ச் கம்பி அறுந்தாலும் எஞ்சின் ஓடிக்கொண்டேயிருக்கும்; பறப்பவனுக்கு அது காப்பு. ஆனால் தரையில் நின்று சுழல்விசிறியைக் கையால் திருப்புபவனுக்கு அதுவே எமன். நிறுத்திவிட்டதாக எண்ணிய எஞ்சின் திடீரென உயிர்பெறும். ஆபத்தை விமானியிடமிருந்து பணியாளிடம் மாற்றிய இவ்வமைப்பை வெறும் பொறியியல் செய்தியாக என்னால் கடந்துபோக இயலவில்லை.

மேக்னெட்டோவுக்குப் பகை ஈரமும் வெப்பமும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஆடி மாதத்தில் பழைய ஸ்கூட்டரின் பிளக்கைக் கழற்றித் துடைத்து, மீண்டும் மீண்டும் உதைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் டாட்டா சேவை ஜூகுவைவிட்டுப் பூனாவுக்கு இடம்பெயர்ந்தது. அதற்குக் காரணம் தரையின் சேறே, மேக்னெட்டோ அன்று. எனினும் கடலோர ஈரம் அக்காலச் சுருள்களின் பருத்தி, அரக்குக் காப்புகளை நலியச் செய்யும் என்பது ஐயமற்றது. (அந்த அரக்கு உலகச் சந்தைக்குப் பெரும்பாலும் இந்தியக் காடுகளிலிருந்தே சென்றது.) நலிந்த சுருள் குளிர்ந்த நிலையில் சோதனையில் தேறிவிடும், எஞ்சின் சூடேறியபின் வானில் பொறி தளரும். இன்று பழைய வானூர்திகளைப் புதுப்பிப்போர் அஞ்சுவதும் இதையே.

போருக்குப்பின் ஏர் இந்தியா இயக்கிய டகோட்டாக்களில் ஓர் எஞ்சினுக்கு 14 உருளைகள், 28 பிளக்குகள். வானொலியில் இரைச்சல் புகாதிருக்கப் பொறிக்கம்பிகளை உலோக உறைக்குள் இட்டனர். அவ்வுறைக்குள் ஈரம் தங்கினால் மின்கசிவு உண்டாகும். உறையிட்ட நீண்ட கம்பி பிளக் முனைகளின் தேய்வையும் மிகுவித்தது. வானொலியின் நலனுக்காகச் சேர்த்த துணைக்கருவி எஞ்சினுக்குப் புதிய நோயைத் தந்தது.

1982இல், தம் 78ஆம் வயதில், டாட்டா அதே கராச்சி–பம்பாய் வழியில் லெப்பர்ட் மாத் வானூர்தியை ஓட்டினார். அந்நாளின் புகைப்படங்களில் நாம் காண்பது விமானியை. எஞ்சின் மூடியைத் திறந்து மேக்னெட்டோவின் தொடுமுனைகளைத் துடைத்த கைகள் யாருடையவை? ஜூகு பணிமனைகளில் பணியாற்றிய தமிழர் குடும்பங்களில் எஞ்சின் குறிப்பேடுகளோ கருவிப்பெட்டிகளோ எஞ்சியிருப்பின், அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.