நயினாதீவுக் கல்வெட்டில் ஒரு பங்குக் கணக்கு

கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் அம்மனையோ நாகவிகாரையையோ கும்பிட்டுவிட்டு அடுத்த படகில் திரும்பிவிடுவார்கள். அந்தச் சின்னத் தீவில் முஸ்லிம் குடும்பங்களும் பள்ளிவாசலும் இருப்பது பலருக்குத் தெரியாது. நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு பழைய தமிழ்க் கல்வெட்டு இருப்பதும் தெரியாது.

அது பொலன்னறுவையை 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதை வாசித்து வெளியிட்டார். சிங்கள பௌத்த மன்னன் தமிழில் எழுதிய ஆணை. அது நிற்பது இந்துக் கோயிலில். அது பேசுவதோ கடல்கடந்து வந்த வியாபாரிகளைப் பற்றி.

அதன் சாரம் இதுதான். பரதேசிகள் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து இறங்கலாம். அவர்களைக் காப்பாற்ற வேண்டும். யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி.

இந்தச் சட்டம் ஏன் தேவைப்பட்டது? எங்கள் தீவுகள் சுண்ணக்கல் தரை. சுற்றிலும் ஆழம் குறைந்த கடலும் பாறைத் திட்டுகளும். பாதை தெரியாத கப்பல் தட்டி உடைவது பெரிய அதிசயமில்லை. கரையேறியவனுக்கு இங்கே ஆறும் இல்லை. கல்லுக்குள் இறங்கி உவர்நீருக்கு மேலே தங்கிநிற்கும் மழைநீர்தான் கிணற்றுத் தண்ணீர். ஊரார் வாளி கொடுத்தால்தான் அவன் குடிக்கலாம்.

அந்தக் காலத்தில் அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து குதிரை கொண்டுவந்தவர்களில் முஸ்லிம்கள் நிறையப் பேர். 1344இல் இலங்கை வந்த இப்னு பதூதாவை ஆரியச் சக்கரவர்த்தி உபசரித்து, பாவா ஆதம் மலைக்குப் போக ஆட்களும் பல்லக்கும் கொடுத்து அனுப்பினார்.

இந்தப் பங்குக் கணக்கை வாசிக்கும்போது 1990 நினைவுக்கு வராமல் இருக்காது. அந்த ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் ஒக்டோபர் 30 அன்று இரண்டு மணித்தியாலம்தான் கொடுத்தார்கள். நகையும் பணமும் வாசலிலேயே பறிபோயின. உடைந்த கப்பலின் அந்நியனுக்குக் கிடைத்த பாதிகூட, இங்கேயே பிறந்தவனுக்குக் கிடைக்கவில்லை.

ஐந்து வருடம் கழித்து, 1995இல், அதே ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத் தமிழ் மக்கள் மழையில் நாவற்குழிப் பாதையால் மூட்டை முடிச்சோடு நடந்தார்கள். ஒருவர் வலியைச் சொல்வது மற்றவர் வலியைக் குறைப்பதற்கல்ல. இரண்டையும் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்க வேண்டும்.

எனவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பிள்ளைகளோடு நயினாதீவு போனால் அந்தக் கல்லைக் காட்டுங்கள். கப்பல் உடைந்த மனிதனுக்கு எவ்வளவு திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று கேளுங்கள். பிறகு பள்ளிவாசல் பக்கமும் நடந்து, அங்குள்ளவர்களோடு நாலு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.