கடல்மல்லை மணலில் எழுந்த உலகம்

1941ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் சென்னையிலிருந்து ஒரு புதிய இதழ் வெளிவந்தது. அதன் ஆசிரியர் ரா. கிருஷ்ணமூர்த்தி. தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று மீண்டவர் அவர். ஆனந்த விகடனை விட்டு விலகியிருந்த நேரம் அது. தம் புனைபெயரையே இதழுக்கும் இட்டார். ‘சாவித்திரி’ திரைப்படத்தில் எம். எஸ். சுப்புலட்சுமி நாரதராக நடித்து ஈட்டிய பொருளே இதழுக்கு முதலாயிற்று. உலகப் போர் நடந்துகொண்டிருந்தது, காகிதம் அரிதாயிற்று. அத்தகைய பருவத்திலேதான் தமிழ் வாசகர் பெருங்கூட்டம் ஒன்று ஏழாம் நூற்றாண்டுக்குள் குடிபுகுந்தது. ஒரு முழு உலகைக் கற்பனையில் எழுப்பி, அதில் ஆயிரக்கணக்கானோரை இதழ்தோறும் நடமாடவிட்ட அம்முயற்சிக்கு வித்திட்ட இடம், கல்பாக்கத்துக்கு வடக்கே சிறு தொலைவில் உள்ள மாமல்லபுரத்துக் கடற்கரை.

வித்து விழுந்தது 1930களில். நிலவு எறித்த ஓரிரவில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாருடன் அக்கடற்கரை மணலில் அமர்ந்திருந்தபோது மனக்கண்முன் எழுந்த காட்சிகளைக் கல்கி ‘சிவகாமியின் சப’தத்தின் முன்னுரையில் நினைவுகூர்ந்திருக்கிறார். உடனிருந்தவர் ரசிகமணி என்பது பொருளற்ற செய்தியன்று. திருநெல்வேலியில் அவர் இல்லத்து முற்றத்தில் கூடிய ‘வட்டத்தொட்டி’ தமிழகத்து இலக்கிய வட்டங்களுக்கெல்லாம் ஒரு முன்மாதிரி. அங்கே தலைவர் இல்லை, தீர்மானங்கள் இல்லை, ஒரு பாடலை ஒருவர் சொல்வார், பிறர் அதைத் திரும்பத் திரும்பச் சுவைப்பார்கள். அப்படிச் சுவைத்துப் பழகிய காதோடு ஒருவர் பக்கத்தில் இருந்தால், கல்லும் கதை சொல்லத் தொடங்குவதில் வியப்பில்லை.

போட்டிகளும் அறைகூவல்களும் தமிழ்ப் புலமைக்குப் புதியன அல்ல. ஈற்றடி கொடுத்து வெண்பா முடிக்கச் சொல்வது அவைகளின் நெடுங்கால வழக்கம்; எட்டயபுரத்துச் சிறுவர் சுப்பிரமணியன் அத்தகைய அறைகூவல்களில் ஈடுகொடுத்த கதைகளைக் கவிஞர்கள் அறிவார்கள். அச்சு வந்தபின் அவை இதழுக்கு இடம்பெயர்ந்தது. 1930களின் தொடக்கத்தில் ஆனந்த விகடன் நடத்திய சிறுகதைப் போட்டியில் ‘மலரும் மணமும்’ என்ற தம் முதற்கதைக்குப் பி. எஸ். ராமையா பெற்ற சிறு பரிசு அவரை எழுத்துலகுக்குள் இழுத்து வந்தது. அவரே பின்னர் ‘மணிக்கொடி’யைக் கதை இதழாக நடத்தினார். போட்டியின் பயன் பரிசுத் தொகையில் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை. விகடனில் ஆசிரியப் பொறுப்பிலிருந்தபோது கல்கி கற்றுக்கொண்டதும் இதுதான்: வாசகன் வெறும் கேட்போன் அல்லன், அழைத்தால் அவனும் வேலையில் இறங்குவான்.

ஆயினும் கல்கி தமக்குத் தாமே இட்டுக்கொண்ட அறைகூவலே எல்லாவற்றினும் கடினமானது. கடற்கரையில் முதலில் தோன்றிய கதையை அவர் முதலில் எழுதவில்லை. 1941இல் தொடங்கி அவர் எழுதியது ‘பார்த்திபன் கனவு’. அது மாமல்லர் முதுமையை நெருங்கிய காலத்துக் கதை. அதற்கு முந்திய தலைமுறையின் கதையான ‘சிவகாமியின் சபதம்’ 1944 சனவரியில்தான் தொடங்கியது. ஆகவே பின்னால் நடந்தது முன்னால் அச்சேறிவிட்டது. ‘பார்த்திபன் கன’வில் குந்தவி மாமல்லரின் மகளாக உலவியாயிற்று, அரசர் மணம் புரிந்து மக்களைப் பெற்றாக வேண்டும். தளபதி பரஞ்சோதி அங்கே சிறுத்தொண்டராகிச் சிவத்தொண்டில் ஈடுபட்டுவிட்டார். வாளை அவர் என்றேனும் கீழே வைத்தாக வேண்டும். ஒற்றைக் கையுடைய கபால பைரவர் அங்கே திரிகிறார். அக்கை எங்கே போயிற்று என்பதற்கு முன்கதை விடை சொல்லியாக வேண்டும். நாகநந்தியின் கதையை நடத்திச் சென்ற கல்கி அந்தக் கடனையும் மறவாமல் தீர்த்தார்.

சிவகாமிக்கும் மாமல்லருக்கும் திருமணம் நடக்குமா என்று இதழ்தோறும் தவித்த வாசகர்களில் எத்தனை பேர், அதற்கான விடை முந்தைய தொடரிலேயே ஒருவாறு அச்சாகிவிட்டதை எண்ணிப் பார்த்திருப்பர்? நான்காம் பாகத்துக்குக் கல்கி ‘சிதைந்த கனவு’ என்று பெயரிட்டார். ஆசிரியர் கல்நெஞ்சர் என்று வருந்துவோர் இன்றும் உளர். தாம் எழுப்பிய உலகின் விதிக்குத் தாமே கட்டுப்பட்டார் என்று சொல்வதே நீதியாகும்.

இனி, அவ்வுலகின் அடித்தளத்தைப் பார்ப்போம். அதன் கற்களில் பெரும்பாலானவை பழைய செங்கற்பட்டு மாவட்டத்து மண்ணிலிருந்தே எடுக்கப்பட்டவை. புலிகேசியின் படையெடுப்பைப் பற்றி இரு தரப்பும் பேசுகின்றன. கி.பி. 634இல் இரவிகீர்த்தி பொறித்த ஐகொளேக் கல்வெட்டு, பல்லவன் காஞ்சி மதிலுக்குப் பின்னே ஒளிந்தான் என்கிறது. காசாக்குடிச் செப்பேடு புள்ளலூரில் மகேந்திரன் பகைவரை முறியடித்தான் என்கிறது. கூரம் செப்பேடு பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய களங்களில் நரசிம்மவர்மன் புலிகேசியைப் புறங்காணச் செய்தான் எனப் புகழ்கிறது. புள்ளலூரும் கூரமும் காஞ்சியை அடுத்த சிற்றூர்கள். மணிமங்கலம் தாம்பரத்துக்கு மேற்கே உள்ளது. வாதாபியைத் தூளாக்கிய தளபதியைத் தொண்டராக நமக்குக் காட்டியவர் குன்றத்தூர்ச் சேக்கிழார். ஒரு பக்கம் வென்றதாகவும் மறுபக்கம் ஒளிந்ததாகவும் நிற்கும் இச்சான்றுகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் கல்கியின் ‘காஞ்சி முற்றுகை’. மதிலுக்குள் இருந்தது கோழைத்தனமன்று, காலம் கடத்தும் தந்திரம் என்று அவர் படித்துக் காட்டினார். அது வழக்கறிஞரின் வாதம் போன்றதே. ஆனால் சான்று எதையும் அழிக்காத வாதம்.

அக்காலத்தில் பல்லவர் ஆய்வு இளமையோடு இருந்தது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். புதுச்சேரிப் பேராசிரியர் ழுவோ துப்ரேய் 1910களின் பிற்பகுதியில் பல்லவர் தொன்மைகளை வெளிக்கொணர்ந்தார். மகேந்திரவர்மனின் ‘மத்தவிலாசப் பிரகசனம்’ 1917இல் திருவனந்தபுரத்தில் அச்சேறியது. அதற்கு முன் அம்மன்னன் நாடக ஆசிரியன் என்பதைப் பலரும் அறியார். ஆர். கோபாலனின் காஞ்சிப் பல்லவர் வரலாறு 1928இல் வந்தது. சி. மீனாட்சி பல்லவர் கால ஆட்சியும் சமூகமும் பற்றி எழுதிய பெருநூல் 1938இல் வெளிவந்தது. இரண்டே ஆண்டுகளில் அவ்வம்மையார் மறைந்தார். மா. இராசமாணிக்கனாரின் ‘பல்லவர் வரலாறு’ 1944ஆம் ஆண்டு நூல். சிவகாமி தமிழ் வீடுகளுக்குள் நுழைந்த அதே ஆண்டு. ‘சித்திரகாரப்புலி’ என்ற விருதுப்பெயர் கல்வெட்டில் இருக்க, அதிலிருந்து கல்கி அஜந்தா வண்ணங்களின் இரகசியத்துக்காக ஏங்கும் ஆயனச் சிற்பியைப் படைத்தார். மன்னனின் விருதுப்பெயர் மெய். சிற்பியின் ஏக்கம் புனைவு. இரண்டையும் பிரித்தெடுப்பது வாசகனுக்கு எளிதன்று.

அவருடைய ஏழாம் நூற்றாண்டில் இருபதாம் நூற்றாண்டும் புகுந்துகொண்டது. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றிற்று. மேடையில் தமிழ்ப்பாட்டுக்கு உரிய இடம் வேண்டுமென்ற போரில் கல்கியின் எழுதுகோல் முன்னணியில் நின்றது. அதே ஆண்டுகளில், நாவுக்கரசரின் திருமடத்தில் அவர் பாடலுக்கே சிவகாமி அபிநயம் பிடித்தாள். வாதத்தால் வெல்லவேண்டியதைக் கதையால் நிலைநாட்டும் வித்தை இது. பல்லவர் காலத்து ஆடலரங்கம் சரியாக அப்படித்தான் இருந்ததா என்று கேட்போருக்குப் பதில் கிடைக்காது. ஆனால் பாடலைக் கேட்டறியாத பல வீடுகளுக்கு அப்பர் அந்த வாயிலாகப் போய்ச் சேர்ந்தார்.

அந்த ஆண்டுகளின் வேகம் வியப்பூட்டுவது. 1945இல் ‘மீரா’ திரைப்படத்துக்கு அவர் பாடல் எழுதினார். எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்ப இதழ்வழி வேண்டுகோள் விடுத்தார். வாசகர் அனுப்பிய சிறு தொகைகள் சேர்ந்தன. 1945இல் இராஜாஜி அடிக்கல் நாட்டினார். 1947 அக்டோபரில் மண்டபம் திறக்கப்பட்டது. இத்தனைக்கும் நடுவே 1946 வரை சிவகாமியின் கதை தடையின்றி நகர்ந்தது. கற்பனைக் காஞ்சிக்குள் நடமாடப் பழகிய அதே கூட்டம்தான் கல்லால் ஆன மண்டபத்துக்கும் காசு கொடுத்தது. வாசகர் கூட்டம் ஒன்று சேர்ந்து கட்டியவை அவ்விரண்டும்.

பின் வந்தவர்கள் அவ்வழியே தொடர்ந்தனர். ‘பொன்னியின் செல்வன்’ 1950இல் தொடங்கி 1954இல் நிறைவுற்றபோது, பாத்திரங்கள் என்ன ஆயினர் எனக் கேட்ட வாசகர்களுக்குக் கல்கி முடிவுரையில் விடை கூற நேர்ந்தது. அவ்வாண்டிலேயே ரசிகமணியும் கல்கியும் மறைந்தனர். விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யில் அவ்வுலகைத் தொடர்ந்து எழுதினார். அகிலன், சாண்டில்யன், ஜெகசிற்பியன் ஆகியோர் தத்தம் வழியில் சென்றனர். தரம் ஒன்றாக இருந்தது என்று சொல்வதற்கில்லை. செப்பேட்டைப் படித்தவர் சிலர். கல்கியை மட்டும் படித்தவர் பலர். பின்னவர்களின் நாவல்களில் இளவரசிகள் ஒரே சாயலில் இருப்பதற்குக் காரணம் அதுவே.

ஆய்வு மட்டும் ஓய்ந்திருக்கவில்லை. 1962இல் இரா. நாகசாமி, மாமல்லபுரத்துச் சின்னங்கள் யாவும் மாமல்லனுக்குப் பிந்திய இராசசிம்மன் காலத்தன என்று வாதிட்டார். ‘அத்யந்தகாமன்’ என்னும் விருதுப்பெயர் யாருடையது என்பதே அவ்வாதத்தின் அச்சு. அது ஏற்கப்படுமானால் ஆயனரின் உளி அந்தப் பாறைகளைத் தொட்டதே இல்லை. மாமல்லரும் சிவகாமியும் அங்கே கண்ட சிற்பங்கள் அவர்கள் காலத்தில் வெறும் பாறைகளாகவே கிடந்திருக்கும். ஆய்வாளர் பலர் இதை முழுதும் ஏற்கவில்லை, வழக்கு முடிந்துவிடவுமில்லை. ஆனால் ஒன்று: நாவலைச் சான்றாகக் காட்டி நாகசாமிக்கு மறுப்புச் சொல்வோரும் உண்டு. கல்கியை அவ்வாறு பயன்படுத்துவது கல்கிக்குச் செய்யும் மரியாதை ஆகாது. எங்கே வரலாறு, எங்கே தம் கற்பனை என்பதைத் தாமே பிரித்துச் சொல்லத் தயங்காதவர் அவர்.

இக்கடற்கரையைப் பற்றிப் புனைந்தவர்களுள் முதல்வரும் அவர் அல்லர். பல்லவர் காலத்து வடமொழிப் புலவர் தண்டி ‘அவந்திசுந்தரி கதை’யில், கடலோரத்தில் பள்ளிகொண்ட திருமாலின் உடைந்த கையை இலலிதாலயன் என்னும் சிற்பி, ஒட்டிய இடம் தெரியாதபடி பொருத்தியதைக் காணத் தாம் மாமல்லபுரம் வந்த செய்தியைச் சொல்கிறார். பூதத்தாழ்வார் அவதரித்ததும் திருமங்கையாழ்வார் பாடியதும் இவ்வூரையே. கலங்கள் வந்துபோன துறை அது.

2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை கல்பாக்கத்தையும் மாமல்லபுரத்தையும் ஒருங்கே தாக்கியது. அதன் பின்னர், மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே சாளுவன்குப்பத்தில் ஒரு பாறைக் கல்வெட்டைத் துப்பாகக் கொண்டு இந்தியத் தொல்லியல் துறை மணலை அகழ்ந்தது. அடியில் கிடைத்தது ஒரு முருகன் கோயில். பல்லவர் காலக் கட்டடத்துக்கும் கீழே அதனினும் பழைய செங்கல் தளம். முன்னே கல்லாலான வேல் ஒன்று. ரசிகமணியும் கல்கியும் நிலவொளியில் அமர்ந்து ஆயனரின் உளியோசையைக் கற்பனை செய்த அந்த இரவிலும், சில கல் தொலைவில் அந்த வேல் மணலுக்கடியில் நின்றுகொண்டிருந்தது.